நாற்பது விநாடி நன்றி

இப்போது "முன்னாடி போ, முன்னாடி போ, படியில நிக்கிறவங்க எல்லாம் உள்ள வாங்க" என்று ஒரு அதட்டல் கேட்டதே, அது கண்டக்டர் இல்லை அக்கா. நான். அவர் பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார். நம்ம குரலில் யார் பேசியது என்று அவரே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், பாருங்கள். எப்படியோ கூட்டம் நகர்ந்தது, நம் இரண்டு பேருக்கும் சீட் கிடைத்தது. ஜன்னலோரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் காது ஒன்று போதும். காதில் மாட்டியிருக்கிற அந்த ஒயரில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள்.

நான் கிண்டியில் இறங்க வேண்டும். அங்கே ஒரு சேனல் ஆபீஸ். இதோடு மூன்றாவது தடவை போகிறேன். முதல் தடவை செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. இரண்டாவது தடவை உள்ளே விட்டார்கள், சார் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி நாலு மணி வரைக்கும் உட்காரவைத்தார்கள். இன்றைக்கு நான் விடப்போவதில்லை. என் பேரை ஏன் போடவில்லை என்று கேட்காமல் வரமாட்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் ஒரு இசை விருது விழா போட்டார்களே, பார்த்தீர்களா? கோரஸ் பாடகிகளுக்கு என்று ஒரு விருது கொடுத்தார்கள். பச்சைப் பட்டுப் புடவையில் ஒரு அம்மா மைக் முன்னால் வந்து நன்றி சொன்னார்கள். ஆங், அவர்களேதான். அந்தப் புடவை என் அத்தை. அந்தக் குரல் நான்.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எமல்டா அத்தை என் அப்பாவுக்கு அக்கா. தூத்துக்குடியில் மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவள், இருபத்து மூன்று வருஷமாகச் சென்னையில் சினிமாவுக்கு கோரஸ் பாடுகிறாள். கதாநாயகிக்குப் பின்னால் எட்டுப் பேர் 'ஆ' என்று இழுப்பார்களே, அந்த எட்டில் ஒன்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சாலிகிராமத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. நான் ப்ளஸ் ஒன்னுக்கு வந்தேன், அவளோடுதான் இருக்கிறேன். அவள் குரல் எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் இருந்தால் ஜலதோஷம் ஒட்டிக்கொள்ளாதா, அந்த மாதிரி. பால்காரருக்குப் போன் போட்டு அவள் குரலில் நாளைக்குப் பால் வேண்டாம் என்பேன். மறுநாள் காலையில் அவள் காபி இல்லாமல் தவிப்பாள். கண்டுபிடித்ததும் கரண்டியோடு துரத்துவாள். பிடித்த பிறகு சிரித்துவிடுவாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. போன வருஷம் ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடியது. தன்விகா பாடியது. ஆட்டோவில் அதுதான், கல்யாண மண்டபத்தில் அதுதான். அந்தப் பாட்டில் கடைசிச் சரணம் முடிந்ததும் நாலு வரி மேலே ஏறும், கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். அந்த நாலு வரி தன்விகா பாடவில்லை. பெரிய பாடகி வருவதற்கு முன்னால் மாதிரிக்கு ஒருத்தரைப் பாடவைத்து வைத்துக்கொள்வார்கள், ட்ராக் என்று சொல்வார்கள். அத்தைதான் ட்ராக் பாடியது. தன்விகா வந்தது, அதைக் கேட்டது, எல்லாவற்றையும் பாடியது, அந்த நாலு வரி மட்டும் அதற்கு ஏறவில்லை. இசையமைப்பாளர் ஆதிரன் அந்த இடத்தில் அத்தை குரலை அப்படியே விட்டுவிட்டார். பேர் மட்டும் முழுக்கத் தன்விகா பேர்.

அத்தை கேட்டுப் பார்த்தாள். பார்க்கலாம்மா என்றார் ஆதிரன். அடுத்த தடவையும் பார்க்கலாம்மா. பாடகர் சங்கத்துக்குப் போனாள். சங்கச் செயலாளர் மூக்கால் பேசுகிற மனுஷர். "வாய்வார்த்தையா சொன்னா எப்படிம்மா, பெரிய எடம், ஏதாச்சும் ஆதாரம் கொண்டாங்க." பாருங்கள், அச்சாக அவர்தான். அத்தைக்கு வேறு எதுவும் வேண்டாம் அக்கா. ஐம்பத்தொரு வயசு, மேல் சுரம் இன்னும் எத்தனை நாள் நிற்குமோ தெரியாது. அதற்குள் ஒரு பாட்டுக்குக் கீழேயாவது தன் பேரைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த நேரத்தில்தான் சேனலில் இருந்து போன் வந்தது. இந்த வருஷம் புதிதாக கோரஸ்காரர்களுக்கும் ஒரு விருது, பாத்திரம் கழுவுகிற சோப்பு கம்பெனி கொடுக்கிறது, பேர் 'பளபளக்கும் பின்னணிக் குரல்கள்'. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே கேடயம். மூத்தவள் என்பதால் அத்தை பேச வேண்டும். நாற்பது விநாடி. அத்தை அந்த நாற்பது விநாடியை ஒரு வாரம் குளியலறையில் பேசிப் பார்த்தாள். எனக்குத் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

விழா எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? டிவியில் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாரையும் உட்காரவைத்து ஒருத்தர் கத்துவார். "சிரிங்க. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப ஆச்சரியப்படுங்க. மூணாவது வரிசை அம்மா, வாய மூடிட்டு ஆச்சரியப்படுங்க. இப்ப கண்ணு கலங்குது." இன்னும் எதுவுமே நடக்கவில்லை, யாருக்கோ கொடுக்கப்போகிற விருதுக்கு எல்லாரும் முன்கூட்டியே கண் கலங்கினோம். சிறந்த பாடகி விருது டிவியில் கடைசியில்தானே வந்தது? அங்கே முதலில் அதைத்தான் கொடுத்தார்கள், தன்விகாவுக்கு ஏழு மணிக்கு ஃப்ளைட். அந்தப் பாட்டுக்குத்தான் விருது. தன்விகா மேடையில் அந்த நாலு வரியைத் தவிர மற்றதையெல்லாம் பாடிக் காட்டிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தது. அடுத்தது அத்தை.

நான் கோரஸ்காரர்களின் கைப்பைகளுக்குக் காவலாக லோகநாயகி அக்காவோடு பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். லோகநாயகி அக்காவும் கோரஸ்தான், விருது வாங்கிய எட்டுப் பேரில் இல்லை. அத்தை மைக்கைப் பிடித்தாள். வணக்கம் சொன்னாள். அப்புறம் சொன்னாள்:

"இப்பம் விருது வாங்குன பாட்டுல மேல ஏறுத அந்த நாலு வரி என் தொண்டை. அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆதிரன் சாருக்கும் தெரியும். எனக்குக் கேடயம் வேண்டாம், என் பேரப் போடுங்க."

கைதட்டச் சொல்லிக் கத்துகிற ஆளுக்கே என்ன கத்துவதென்று தெரியவில்லை. ஆதிரன் சிரித்த முகத்தை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். தன்விகா குனிந்துகொண்டது, காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாரோ அடுத்தது என்றார்கள், விளக்கு மாறியது, அத்தை இறங்கி வந்துவிட்டாள்.

வெளியே சாப்பாட்டு வரிசையில் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்படி நின்றால் ஆகாது. தொகுப்பாளர் மாதிரி பேசினேன், கத்துகிற ஆள் மாதிரி பேசினேன், அத்தை மாதிரிப் பேசி அத்தைக்கே சாம்பார் கேட்டேன். ஜனங்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தர் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கருணாகரன் சார். நிகழ்ச்சித் தயாரிப்பாளர்.

அத்தை அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாடிக்கொண்டே வந்தாள். மறுநாள் சங்கத்துக்குப் போய்ச் சொன்னாள். செயலாளர், டிவியில வரட்டும்மா, ஊரே பார்த்த பிறகு அவங்க மறுக்க முடியாது, நானே கூப்பிட்டு விசாரிக்கிறேன் என்றாராம். அதிலிருந்து அத்தைக்குப் பொங்கல் எப்போது வரும் என்பதே பேச்சு. காலண்டரில் பேனாவால் வட்டம் வேறு.

மூன்று வாரம் கழித்துக் கருணாகரன் சார் கூப்பிட்டார். ரொம்ப மென்மையாகப் பேசுவார், வெண்ணெய் தடவின மாதிரி. "ஃபெபிம்மா, அத்தை பேசுனதுல மைக் இரைச்சல்டா. அவங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு பாக்குறேன். நீ வந்து அவங்க குரல்ல ஒரு பத்து வரி சொல்லிட்டுப் போயிடு. டைட்டில்ல உன் பேர் வரும்." டைட்டிலில். 'குரல்: ஃபெபினா'. எனக்குப் பதினேழு வயசு, அக்கா.

இரைச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதானே இருந்தேன். ஆனால் அவர் இரைச்சல் என்றார், அது அவர் பாவம். சோப்பு கம்பெனிக்கு நாற்பது விநாடி ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம், வெட்டவும் முடியாதாம். அத்தை சொன்னது போய்விடுமே என்று நான் நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். கொஞ்சம் நினைத்தேன். ஆனால் அவர்கள்தான் ஏற்கெனவே அதைத் தூக்கிவிட்டார்களே. நான் போகாவிட்டால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். அத்தை குரலை இன்னொருத்தி செய்வதா? அதுவும் அரைகுறையாகச் செய்வதா? அத்தைக்கே அது கேவலம். அப்புறம், ஒளிக்காமல் சொல்கிறேன், டிவியில் தன் குரல் தான் சொல்லாததைச் சொல்லும்போது அத்தை முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பால்காரர் விஷயம் மாதிரிதான். கொஞ்சம் பெரிசு.

ஸ்டுடியோவில் ஒரு தாள் கொடுத்தார்கள். சோப்பு கம்பெனிக்கு நன்றி, சேனலுக்கு நன்றி, ஆதிரன் சாருக்கு நன்றி. தாளில் உயிரே இல்லை. அத்தை அப்படியா பேசுவாள்? முதல் தடவை எழுதியிருந்தபடி சொன்னேன். இரண்டாவது தடவை நானாக ஒரு வரி சேர்த்தேன். "அந்தப் பிள்ளை தன்விகா என்னமா பாடியிருக்கு, மேல ஏறுத அந்த நாலு வரியக் கேட்டா நாங்கள்லாம் இத்தனை வருசமா எதுக்குப் பாடுதோம்னு இருக்கு." அத்தை நெகிழ்ந்தால் அப்படித்தான் பேசுவாள், கடைசியில் குரல் லேசாக உடையும், அதையும் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருணாகரன் சார் எழுந்து நின்றுவிட்டார். எழுதிக் கொடுத்தாலும் இது வராதும்மா என்றார். அந்த வரி என்னுடையது அக்கா. அந்த ஒரு வரிக்காவது பேர் போட வேண்டாமா?

பொங்கலுக்கு மறுநாள் அத்தை வீட்டில் நடக்க இடம் இல்லை. கோரஸ்காரர்கள் பத்துப் பேர், மாடி வீட்டு ஆள்கள், ஊரிலிருந்து அப்பா. அத்தை அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் கரும்பு நறுக்கிக் கொடுத்தாள். மூன்றே முக்காலுக்கு வந்தது. வணக்கம் மட்டும் அத்தை குரல், முகம் தெரிந்தது. உடனே சபையைக் காட்டிவிட்டார்கள், அங்கிருந்து நான். எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தார்கள் தெரியுமா, ஊசி நுழைய இடமில்லை. 'அந்தப் பிள்ளை தன்விகா' என்று சொல்லும்போது சரியாகத் தன்விகாவின் முகம். குனிந்து, காதெல்லாம் சிவந்து. பாராட்டைக் கேட்டு வெட்கப்படுகிற மாதிரியே இருந்தது. மாடி வீட்டு மாமி, நல்ல மனசு எமல்டா உனக்கு என்று அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அத்தை கரும்புத் துண்டோடு அப்படியே நின்றாள். மேடையில் அவளோடு நின்ற ஏழு பேரும் டிவியைப் பார்த்தார்கள், அத்தையைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தர், நீ கடைசியில இப்படியும் சொன்னியா என்ன, எனக்குத்தான் ஞாபகம் இல்லையோ என்றார். பக்கத்தில் நின்று காதால் கேட்டவர்களே அப்படிக் கேட்டார்கள். என் வேலை அவ்வளவு சுத்தம். அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் காத்திருந்தேன். கடைசியில் பேர்கள் ஓடின. ஒளி, ஒலி, ஒப்பனை, உணவு. உணவு கொண்டுவந்தவருக்குக்கூடப் பேர் இருக்கிறது அக்கா. நான் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முடிந்துவிட்டது. விளம்பரம் வந்துவிட்டது. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது:

"என் பேரப் போடவே இல்லையே."

அப்பா எழுந்து வந்து என்ன சொன்ன என்றார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்பா கை ஓங்கினார், அத்தைதான் தடுத்தாள். தடுத்துவிட்டுக் கரும்புத் தோலையெல்லாம் கூட்டி அள்ளினாள்.

நாலாம் நாள் ஆதிரன் பக்கத்திலிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. உங்கள் உறுப்பினரே அந்த நாலு வரியைத் தன்விகா பாடியதாக டிவியில் பாராட்டியிருக்கிறார், பிறகு என்ன புகார் என்று. சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டோவில்தான் அத்தனை நாளுக்குப் பிறகு பேசினாள். "நடந்ததை நடந்தபடி சொல்லிரு. அதுக்கு மேல ஒண்ணும் செய்யாண்டாம்." கோபமாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அந்தக் குரல் எனக்குப் புதிசு, மனசில் குறித்துக்கொண்டேன்.

மாடியில் ஒரு அறை. செயலாளர், கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், ஆதிரனின் மேனேஜர், லோகநாயகி அக்கா. நான் நடந்தபடி சொன்னேன். செயலாளர் நம்பவில்லை. எங்கே, பேசிக் காட்டு என்றார். பேசிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், அடேயப்பா என்றார். கேட்டார்களே என்று செயலாளர் மாதிரியும் இரண்டு வரி. கமிட்டிக்காரர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தை மட்டும் போதும் பிள்ள என்றாள்.

அப்புறம் லோகநாயகி அக்கா தன் போனை எடுத்தார். அன்றைக்கு அரங்கத்துக்குள் போகும்போது எல்லார் போனிலும் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். ஆனால் அவர் கைப்பைக்குள் வைத்தே அத்தை பேசியதைப் பதிவு செய்திருக்கிறார். படம் இல்லை, குரல் மட்டும். என் தொண்டை, என் பேரப் போடுங்க, எல்லாம் தெளிவாக இருந்தது. மேனேஜர் முழுசாகக் கேட்டார். நல்ல வெள்ளைச் சட்டை, நிதானமான ஆள். "இதுவும் பாப்பா பேசுனதுதானே?" என்றார்.

நான் இல்லை என்றேன். இல்லை என்று எப்படி நம்புவது என்றார். லோகநாயகி அக்கா சத்தியம் பண்ணினார். சத்தியத்தை யார் எழுதிக்கொள்வார்கள்?

அப்போது அத்தை எழுந்து நின்றாள். பேச்சை விடுங்க, நான் இங்கனயே பாடுதேன், பாட்டோட வச்சுப் பாருங்க என்றாள். சுருதிப்பெட்டி இல்லை, ஒன்றும் இல்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பாடினாள். அக்கா, நான் தினமும் கேட்கிற குரல்தான். இருந்தாலும் அந்த நாலாவது வரியில் கமிட்டிக்காரர் ஒருத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செயலாளர் தன் போனில் பாட்டைப் போட்டார். அதே குரல். சந்தேகமே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரிம்மா, பேர் போடச் சொல்லி எழுதிடலாம் என்றார். காகிதத்தைக்கூட இழுத்துவிட்டார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சிரித்தார். "பாப்பா, உனக்குப் பாட்டும் வருமா?"

வராது என்று சொல்லியிருக்கலாம். அத்தை என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் பார்த்தாள், பொங்கலுக்கு அப்புறம் முதல் தடவையாக. என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு சொல், மூன்று எழுத்து. ஆனால் ஆறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அக்கா. ஃபேன் வேறு நின்றிருக்கிறது. அவ்வளவு அமைதியாக எனக்கு யாரும் இதுவரை காத்திருந்ததில்லை. வராது என்று எப்படிச் சொல்வது, வருமே.

பாடினேன். ஏறியது.

கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். செயலாளரும் தட்டினார், பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. மேனேஜர் கைதட்டவில்லை, எழுந்து சட்டையைச் சரிபண்ணிக்கொண்டார். குரல் ஒத்துப்போவதை மட்டும் ஆதாரமாக ஏற்க முடியாது என்று செயலாளர் எழுதினார். அதே காகிதத்தில்தான். கைதட்டலுக்கு நடுவே அத்தை மெதுவாக ஒன்று சொன்னாள், வேறு யாருக்கும் கேட்கவில்லை. "மூணாவது வரியில மூச்சு எடுத்துட்ட. பாட்டுல அங்க மூச்சு கிடையாது." அவ்வளவுதான். அதுதான் கடைசியாக அவள் என்னிடம் பேசியது. மூன்று மாசம் ஆகிறது.

சாப்பாடு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், பேச மட்டும் மாட்டாள். வீடு கம்மென்று கிடக்கும். அவள் பேசாவிட்டால் என்ன, அவள் பங்கையும் நானே பேசிக்கொள்கிறேன். "ஏட்டி, சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் அத்தை. "குடை எடுத்துட்டியா?" எடுத்துட்டேன் அத்தை. அவள் அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

கிண்டி வரப்போகிறது, எழுந்துகொள்கிறேன். அத்தை சொன்னது நிஜம் அக்கா. நான் பாட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டுவிட்டேன். மூன்றாவது வரியில் மூச்சே இல்லை, ஒரே இழுப்பு. தன்விகாவால் முடியாது, என்னாலும் முடியவில்லை. அத்தையால் மட்டும்தான் முடிந்திருக்கிறது. ஆனால் விடமாட்டேன், தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் சாதகம் பண்ணுகிறேன். நேற்று முக்கால்வாசி வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் அந்த மூச்சையும் ஒளித்துவிடுவேன். அப்புறம் யார் கேட்டாலும் எது அத்தை, எது நான் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அந்த வரி வந்ததும் முதலில் அத்தையிடம்தான் பாடிக் காட்டப்போகிறேன். அப்போதாவது பேசுவாள் இல்லையா அக்கா?